காலையில் கல் யானை, மாலையில் கூழைக்கடா

எங்கள் ஆபீஸில் எனக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. 'மே மாசம்'.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். போன வருஷ ஆபீஸ் டூருக்கு நான்தான் பொறுப்பாளி. தலைக்கு இவ்வளவு என்று வசூல் பண்ணி, வேன் பிடித்து, இருபத்திரண்டு பேரை வேடந்தாங்கலுக்கு அழைத்துப் போனேன். மே மாதம். மத்தியானம் பன்னிரண்டரை மணி. ஏரி இருந்தது. அதாவது, ஏரி இருந்த இடம் இருந்தது. வெடித்த மண், நாலைந்து மரம், தூரத்தில் இரண்டு எருமை, கிட்டத்தில் ஒரு காக்கா. அந்தக் காக்காவை எங்கள் டெஸ்பாட்ச் தம்பி போட்டோ எடுத்து ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டான்: 'சைபீரியாவிலிருந்து வந்திருக்கும் அபூர்வ கறுப்புப் பறவை'. அன்றிலிருந்து நான் 'மே மாசம்'.

அன்று என்னைத் திட்டாத ஒரே மனிதர் அக்கவுண்ட்ஸ் ஸார். கர்ச்சீப்பைத் தலையில் போட்டுக்கொண்டு கரையில் நின்று வெறும் ஏரியை ரொம்ப நேரம் பார்த்தார். "தை மாசத்துல வரணும் தம்பி" என்றார். அவ்வளவுதான்.

இந்தத் தை மாசத்தில் அவருக்கு ரிட்டயர்மென்ட். ஜனவரி 31. அப்புறம் பெங்களூரில் மகனோடு போய்விடுவார். ஓட்டலில் ஹால் எடுத்து, சால்வை போட்டு, சுவர்க் கடிகாரம் கொடுத்து அனுப்பலாம் என்று மேனேஜர் சொன்னபோது, "அதெல்லாம் வேண்டாம் ஸார். அந்த ஏரியைத் தண்ணியோட ஒரு தடவை காட்டிட்டா போதும்" என்று சொல்லிவிட்டார். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

டூர் போடுவது ஏதோ வேன்காரருக்குப் போன் பண்ணும் விஷயம் என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். குரூப்பில் ஒரு மெசேஜ் போட்டதுதான் தாமதம். ஒருத்தருக்கு முட்டுக்காடு போட்டிங். ஒருத்தருக்குக் கோவளம் பீச். மார்க்கெட்டிங் ஆசாமிக்கு முதலைப் பண்ணை. அது நல்ல இடம்தான், 1976-இல் ரோமுலஸ் விட்டேகர் ஆரம்பித்தது, ஒருநாள் தனியாகப் போய்ப் பார்க்க வேண்டிய இடம். இவர் கேட்டது முதலைக்காக அல்ல, வாசலில் இளநீர் நன்றாக இருக்குமாம். எல்லாவற்றையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்தேன். ஒரே நாளில் ஏழு இடம். ஒவ்வொரு இடத்திலும் வேனை விட்டு இறங்கி, செல்பி எடுத்து, ஏறத்தான் நேரம் இருக்கும்.

நான் இரண்டே இடம் என்று அடித்துச் சொல்லிவிட்டேன். காலையில் மாமல்லபுரம், சாயந்திரம் வேடந்தாங்கல். ஏன் மாற்றிப் போடக்கூடாது என்று கேட்டவர்களுக்கு என் பதில்: அதை முடிவு செய்ய நான் யார்? அர்ஜுனன் தபசுப் பாறை கிழக்கே பார்த்து நிற்கிறது. காலை வெயில் நேராக மேலே விழும்போதுதான் அதிலிருக்கும் ஒவ்வொரு உருவமும் தனித்தனியாக எழுந்து நிற்கும். மத்தியானத்துக்கு மேல் அது பாட்டுக்கு நிழலுக்குள் போய்விடும். பறவைகளோ காலையில் இரை தேட வெளியே போய், சாயந்திரம் நாலு மணியிலிருந்து கூட்டுக்குத் திரும்புகிறவை. ஆக, கல்லுக்குக் காலை, சிறகுக்கு மாலை.

தேதி? காணும் பொங்கல் பக்கமே போகக்கூடாது. மாமல்லபுரத்தில் அன்று கல்லைப் பார்க்க முடியாது, தலைகளைத்தான் பார்க்கலாம். ஞாயிறும் வேண்டாம், திரும்பி வரும்போது சென்னை எல்லையில் பாதி ராத்திரி ஆகிவிடும். ஜனவரி நாலாவது சனிக்கிழமை என்று முடிவாயிற்று.

சூடு கண்ட பூனை இல்லையா நான்? டிசம்பர் கடைசி ஞாயிற்றுக்கிழமை யாருக்கும் சொல்லாமல் பைக்கை எடுத்துக்கொண்டு வேடந்தாங்கல் போய், ஏரியில் தண்ணீர் இருக்கிறதா என்று என் கண்ணால் பார்த்துவிட்டு வந்தேன். இருந்தது. வடகிழக்குப் பருவமழை பொய்க்காத வருஷம்தான் இங்கே பறவைகள் வந்து கூடு கட்டும். நவம்பரிலிருந்து மார்ச் வரை சீசன். மழை ஏமாற்றினால் அவையும் வேறு ஏரி பார்த்துக்கொண்டு போய்விடும். நம்மைப் போல அட்வான்ஸ் கொடுத்தாச்சே என்று வந்து உட்காராது. காவலாளி ஒருவரிடம், "எத்தனை மணிக்கு வந்தா நல்லா இருக்கும்?" என்று கேட்டேன். "நாலு மணிக்கு வாங்க. வந்தா ஆறு வரைக்கும் போவாதீங்க" என்றார். மந்திரம் மாதிரி மனப்பாடம் பண்ணிக்கொண்டேன்.

சனிக்கிழமை. ஐந்தே முக்காலுக்கு வேன் கிளம்ப வேண்டும், ஆறரைக்குக் கிளம்பியது. யாருக்காகக் காத்திருந்தோம் என்று சொல்ல வேண்டாம், இளநீர் ஆசாமிக்காகத்தான். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வலது பக்க ஜன்னல்காரர்கள் தூங்க, இடது பக்க ஜன்னல்காரர்கள் கடல் வருகிறதா என்று பார்க்க, எட்டு மணிக்கு மாமல்லபுரம். பொங்கல், வடை, காபி. அக்கவுண்ட்ஸ் ஸார் பில்லை வாங்கி ஒரு தடவை கூட்டிப் பார்த்தார். பழக்க தோஷம்.

அரசு அங்கீகார அட்டை மாட்டியிருந்த ஒரு கைடை அமர்த்தினேன். எதற்கு கைடு, போனில் எல்லாம் இருக்கிறதே என்றான் டெஸ்பாட்ச் தம்பி. போனில் இருக்கிறதுதான். ஆனால் போன் நம்மைக் கேள்வி கேட்காது. இந்த கைடு கேட்டார். அர்ஜுனன் தபசு முன்னால் எங்களை வரிசையாக நிற்க வைத்து, "ஸார், எல்லாரும் யானையைப் பார்த்துட்டுப் போயிடுவாங்க. இதுல ஒரு பூனை இருக்கு. கண்டுபிடிங்க பார்க்கலாம்" என்றார்.

சுமார் 90 அடி நீளப் பாறை. தேவர்கள், முனிவர்கள், வேடர்கள், நாகர்கள், சிங்கம், மான், குரங்கு என்று நூற்றுக்கும் மேற்பட்ட உருவங்கள். நடுவில் ஒரு பிளவு. அந்தப் பிளவு வழியாக மேலேயிருந்து நிஜமாகவே தண்ணீர் விட்டிருக்க வேண்டும், பாறை உச்சியில் அதற்கான தொட்டியின் அடையாளம் இருக்கிறது என்றார் கைடு. அதனால்தான் இது அர்ஜுனன் தபசு இல்லை, கங்கையைப் பூமிக்குக் கொண்டுவந்த பகீரதன் தபசு என்று சொல்லும் கட்சியும் உண்டு. இன்னும் தீர்ப்பாகாத கேஸ்.

பத்து நிமிஷம் தேடினோம். கடைசியில் பார்த்தது அக்கவுண்ட்ஸ் ஸார்தான். பெரிய யானையின் தந்தத்துப் பக்கத்தில், இரண்டு முன்னங்கால்களையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, விலா எலும்பு தெரிய ஒரு பூனை தவம் செய்கிறது. அதைச் சுற்றிப் பயமில்லாமல் எலிகள். தவம் முடிந்ததும் என்ன நடக்கும் என்று எலிகளைத் தவிர எல்லோருக்கும் தெரியும்.

"அப்ரைசல் டயத்துல நம்ம மேனேஜர்" என்று பின்னாலிருந்து ஒரு குரல். மேனேஜரும் வந்திருந்தார் என்பதைச் சொல்ல மறந்துவிட்டேன். நல்ல வேளை, அவர் யானையைப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்.

அந்த யானையை நானும் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆனால் வயிற்றுக்கடியில் குட்டிகள் ஒண்டிக்கொண்டிருப்பதை அன்றுதான் கவனித்தேன். கீழே ஒரு மான், பின்னங்காலைத் தூக்கி மூக்கைச் சொறிந்துகொண்டிருக்கிறது. பக்கத்து கிருஷ்ண மண்டபத்தில் பால் கறக்க நிற்கும் பசு, கன்றை நக்கிக்கொடுக்கிறது. 7-ஆம் நூற்றாண்டில் உளியைப் பிடித்த மனிதர் சாமியை சாஸ்திரப்படி செதுக்கியிருக்கலாம். மானை வேடிக்கை பார்த்துத்தான் செதுக்கியிருக்க முடியும்.

ஐந்து ரதத்துக்கும் பஞ்ச பாண்டவர்களுக்கும் சம்பந்தமில்லை, பெயர் பிற்பாடு வந்தது. ஒவ்வொன்றும் ஒரே பாறையை மேலேயிருந்து கீழே குடைந்துகொண்டே வந்தது. அடிப்பகுதியில் முடியாத வேலை இன்னும் தெரிகிறது. "டெட்லைனுக்குள்ள முடிக்கல. ஆனா யுனெஸ்கோவே ஒத்துக்கிட்டான்" என்றான் டெஸ்பாட்ச் தம்பி. ஒத்துக்கொண்டது 1984-இல். கடற்கரைக் கோயில் வேறு ஜாதி. குடைந்ததல்ல, கல் மேல் கல் அடுக்கிக் கட்டியது, 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்ம பல்லவன் காலத்தில். ஆயிரத்து முந்நூறு வருஷ உப்புக்காற்றில் சிற்பங்களின் முகமெல்லாம் தேய்ந்து, எல்லாம் ஒரே ஜாடையாகிவிட்டன. வெயிலும் ஏறிவிட்டது. இரண்டு டிக்கெட் இடத்துக்கும் அன்றைக்கு ஒரே டிக்கெட் போதும் என்பதால் கடைசியில் வைத்துக்கொண்டேன், அது தப்பு. கடற்கரைக் கோயிலுக்குத்தான் முதலில் போயிருக்க வேண்டும்.

பன்னிரண்டரைக்குச் சாப்பாடு. அக்கவுண்ட்ஸ் ஸார் வீட்டு மாமி கட்டிக் கொடுத்த புளியோதரை, தயிர் சாதம், மாவடு. இருபத்திரண்டு பேருக்கு. ரிட்டயர் ஆகிறவருக்கு நாங்கள் விருந்து வைப்பதாகத்தான் ஏற்பாடு.

ஒன்றரைக்குக் கிளம்பி செங்கல்பட்டு போகும் வழியில் திருக்கழுக்குன்றம். என் திட்டத்தில் அங்கே நிறுத்தம் கிடையாது. அக்கவுண்ட்ஸ் ஸார் டிரைவரிடம், "ஒரு அஞ்சு நிமிஷம் ஓரமா நிறுத்துப்பா" என்றார். இறங்கி, மலையை அண்ணாந்து பார்த்தபடி நின்றார். நானும் இறங்கினேன்.

இந்த ஊர்ப் பெயரே கழுகால் வந்தது. மத்தியான வேளையில் இரண்டு கழுகுகள் மலைக்கு வரும், அர்ச்சகர் கையால் சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டுவிட்டுப் போகும். காசியில் குளித்துவிட்டு வருகின்றன என்பது ஐதீகம். பறவை படித்தவர்கள் அதைக் கழுகு என்று சொல்ல மாட்டார்கள். மஞ்சள் முகமும் வெள்ளை உடம்புமாக, பிணந்தின்னி வகையைச் சேர்ந்த பாறு அது. இதைப் பார்க்கவே அந்தக் காலத்தில் வெளியூர் பஸ்களெல்லாம் வந்து நிற்கும். தொண்ணூறுகளில் அவை வருவது நின்றுபோனது.

"எட்டு வயசுல அப்பா கையைப் பிடிச்சுக்கிட்டு அவ்வளவு படியும் ஏறினேன் தம்பி. மேலே ஒரே கூட்டம். எல்லாரும் வானத்தையே பாத்துக்கிட்டு இருக்கோம். அன்னிக்கு ஒண்ணுதான் வந்தது. அப்பா சொன்னார், அடுத்த தடவை ரெண்டையும் பாக்கலாம்னு."

"அப்புறம் பார்த்தீங்களா ஸார்?"

"அடுத்த தடவைன்னு ஒண்ணு வரலை" என்றார். வேனில் ஏறிவிட்டார்.

எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. டிசம்பரில் தண்ணீர் இருந்தது, சரி. பறவைகள் இன்றைக்கு வருமா? வராவிட்டால் யாரிடம் கம்ப்ளெயின்ட் கொடுப்பது?

சரியாக மூன்றே முக்காலுக்கு வேடந்தாங்கல். தாங்கல் என்றால் சின்ன ஏரி, பழவந்தாங்கல் ஸ்டேஷனில் தினம் இறங்குகிறவர்களும் கவனித்திருக்க மாட்டார்கள். வேடனுடைய தாங்கல். ஒரு காலத்தில் வேட்டையாடிய இடம் இன்று சரணாலயம். அது சட்டம் போட்டு ஆரம்பித்த கதையல்ல. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வெள்ளைக்கார சிப்பாய்கள் இந்த ஏரியில் நாரைகளைச் சுட்டிருக்கிறார்கள். ஊர்க்காரர்கள் செங்கல்பட்டுக் கலெக்டரிடம் போய், இங்கே யாரும் சுடக்கூடாது என்று ஒரு கவுல் எழுதி வாங்கிவிட்டார்கள். 1858-இல் அதைப் புதுப்பித்தும் வாங்கினார்கள். சரணாலயம் என்ற அந்தஸ்து 1936-இல் தான். ராம்சர் பட்டியலில் சேர்ந்தது 2022-இல்.

அந்தக் கால விவசாயிக்குப் பறவை மேல் ஏன் இத்தனை அக்கறை? பக்தி என்று சொல்லலாம். கணக்கும் உண்டு. ஆயிரக்கணக்கான பறவைகளின் எச்சம் முழுக்க ஏரித் தண்ணீரில் விழுகிறது. அந்தத் தண்ணீர் வயலுக்குப் பாயும்போது உரமும் சேர்ந்து பாய்கிறது. மூட்டை தூக்க வேண்டாம், கடன் வாங்க வேண்டாம். இதைச் சொன்னதும் அக்கவுண்ட்ஸ் ஸார் முகம் மலர்ந்துவிட்டது. "ரெண்டு பக்கமும் டாலி ஆகுதே" என்றார்.

கரைக்குப் போகும்முன் இரண்டு உத்தரவு போட்டேன். ப்ளூடூத் ஸ்பீக்கர் வேனிலேயே இருக்கட்டும். யாரும் கையைத் தட்டிப் பறவையை எழுப்பிப் பறக்கவிட்டு வீடியோ எடுக்கக்கூடாது. முட்டையும் குஞ்சுமாக இருக்கும் சீசன். தாய் எழுந்து பறந்தால் அந்த நேரம் வெயிலும் காக்காயும் கூட்டுக்கு வந்துவிடும்.

தண்ணீர் நிறைய இருந்தது. தண்ணீருக்குள் நிற்கும் மரங்களில் கிளைக்குக் கிளை கூடு. நத்தை குத்தி நாரை, அதன் அலகு நடுவில் மூடாது, இடைவெளி இருக்கும், நத்தையைப் பிடிக்க அந்த அமைப்பு. கரண்டிவாயன், அரிவாள் மூக்கன், பாம்புத்தாரா. பெயர் வைத்தவர்கள் பார்த்துத்தான் வைத்திருக்கிறார்கள். வாடகைக்கு பைனாகுலர் வாங்கி ஆளுக்கு இரண்டு நிமிஷம் என்று முறை வைத்தேன்.

"இதெல்லாம் சைபீரியாவுலேர்ந்துதானே வருது?" என்றார் மார்க்கெட்டிங் ஆசாமி. எல்லோரும் கேட்கும் கேள்வி. இங்கே கூடு கட்டுகிற நாரை, கூழைக்கடா, நீர்க்காகம் எல்லாம் நம் நாட்டு ஆசாமிகள்தான். மழையைப் பார்த்து ஊர் மாறுகிறவை. வடக்கே தூர தேசத்திலிருந்து வருகிற ஊசிவால் வாத்து, நீலச்சிறகி மாதிரியானவை குளிர்காலத்தைக் கழித்துவிட்டுப் போய்விடும், இங்கே குடும்பம் நடத்துவதில்லை. "அப்ப பாஸ்போர்ட் இல்லாத கூட்டம்" என்றார். கொஞ்சம் ஏமாற்றம் அவருக்கு.

நாலரை. கூட்டில் இருந்தவை இருந்தன. ஆனால் பெரிய வருகை எதுவும் இல்லை. வானம் வெறுமையாகக் கிடந்தது. நாலே முக்கால். டெஸ்பாட்ச் தம்பி போனை நோண்ட ஆரம்பித்தான். மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்து, "இப்ப கிளம்பினா தாம்பரம் டிராபிக்குக்கு முன்னாடி போயிடலாமே" என்றார். ஐந்து மணி. நாலு பேர் வேனுக்கே போய்விட்டார்கள். யாரோ மெதுவாக, "மே மாசம்..." என்றார்கள். எனக்குக் காது சுட்டது. அக்கவுண்ட்ஸ் ஸார் மட்டும் கண்காணிப்புக் கோபுரத்தின் படியில் உட்கார்ந்து வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எட்டு வயதில் மலை மேல் அப்படித்தான் உட்கார்ந்திருப்பார்.

வந்தா ஆறு வரைக்கும் போவாதீங்க என்று அந்தக் காவலாளி சொன்னது ஞாபகம் வந்தது. "ஸார், இன்னும் அரை மணி. அதுக்கப்புறம் நீங்க என்ன சொன்னாலும் சரி" என்று மேனேஜரிடம் சொன்னேன்.

ஐந்து பத்துக்கு முதலில் தெரிந்தது ஒரு கோடு. யாரோ பென்சிலால் தொடுவானத்தில் கிழித்த மாதிரி. நீர்க்காகங்கள். கோடு நெளிந்து, தலைக்கு மேல் வந்து, உடைந்து, மரங்களில் கொட்டியது. அது முடிவதற்குள் இன்னொரு கோடு. அப்புறம் கொக்குகள், வெள்ளை வெள்ளையாக. அப்புறம் கூழைக்கடாக்கள். சிறகை அடிக்காமல், அவசரமே இல்லாமல், கனமான சாமான் இறங்குவது போலத் தாழ்ந்து வந்தன. ஒரு கூட்டில் குஞ்சு, தாயின் வாய்ப்பைக்குள் தலையையே விட்டு இரை எடுத்தது. எந்தத் திசையைப் பார்த்தாலும் வந்துகொண்டே இருந்தன. சத்தம், நாற்றம், சிறகு. வேனுக்குப் போன நாலு பேரும் ஓடி வந்தார்கள். ஒருத்தரும் பேசவில்லை. எங்கள் ஆபீஸ் கூட்டம் இருபது நிமிஷம் சேர்ந்தாற்போல வாயை மூடிக்கொண்டிருந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அக்கவுண்ட்ஸ் ஸார் பக்கத்தில் போய் நின்றேன். உதடு அசைந்துகொண்டிருந்தது. எண்ணிக்கொண்டிருக்கிறார்!

"எவ்வளவு ஸார்?"

"நானூத்துப் பதினேழு வரைக்கும் வந்தேன் தம்பி. அப்புறம் விட்டுப் போச்சு." சிரித்தார். "முப்பத்தாறு வருஷ சர்வீஸ்ல கணக்கு விட்டது இன்னிக்குத்தான்." பைனாகுலரை என்னிடம் கொடுத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

ஆறு மணிக்குக் காவலாளி விசில் ஊதும்போது, வந்தவை எல்லாம் அடங்கிக்கொண்டிருக்க, எதிர்த் திசையில் சில கிளம்பின. வக்கா. ராத்திரியில் இரை தேடுகிற கொக்கு வகை. மற்றவை வீடு திரும்பும் நேரம் இவை வேலைக்குப் போகின்றன. "பாவம், நைட் ஷிப்ட்" என்றான் டெஸ்பாட்ச் தம்பி.

திரும்பும்போது ஜி.எஸ்.டி. ரோட்டில், மேனேஜர் பயந்தபடியே, பெருங்களத்தூரில் ஒரு மணி நேரம் நின்றோம். ஒருத்தரும் முணுமுணுக்கவில்லை. அக்கவுண்ட்ஸ் ஸார் முன் சீட்டில் லைட்டைப் போட்டுக்கொண்டு டூர் கணக்கை எழுதி முடித்துவிட்டார். தலைக்குப் பதினாறு ரூபாய் திருப்பித் தர வேண்டுமாம்.

திங்கட்கிழமை காலை ஆபீஸுக்குள் நுழைந்தேன். இனிமேலாவது என் சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள் என்று ஒரு நப்பாசை. டெஸ்பாட்ச் தம்பி எழுந்து நின்று வணக்கம் வைத்தான்.

"வாங்க மே மாசம் ஸார்! அடுத்த வருஷம் எங்கே?"